குற்றாலத்து விலாசம்

அப்பாவுக்குப் பண்டுப் பணம் வந்த அன்று அம்மா பாயசம் வைக்கவில்லை. வைப்பாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். தென்காசி ஸ்டேஷனில் சரக்கு குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் அப்பா. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்ததும், ரயில் கம்பெனி தன் பங்காகச் சேர்த்ததும், வட்டியும் மொத்தமாகக் கைக்கு வந்திருந்தன. பென்ஷன் கிடையாது. இனி சாகும்வரை இதுதான். ஒரே பெண்ணான என் கல்யாணமும் இதற்குள்தான் நடக்க வேண்டும். அந்த நினைப்பில் அம்மாவுக்கு இனிப்புக் கிண்டக் கை வரவில்லை போலும்.

அதைத் தபாலாபீஸ் சேமிப்பில் போட வேண்டும் என்பது அம்மாவின் கட்சி. அப்பாவுக்குக் குற்றாலத்தில் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட ஆசை. ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியதும் மதுரையிலிருந்தும் பட்டணத்திலிருந்தும் டிரங்குப் பெட்டி, சமையல்காரன், கைக்குழந்தை சகிதமாக வந்து இறங்குகிறவர்களை வருஷக்கணக்காக ஸ்டேஷனில் நின்று பார்த்தவர் அவர். அத்தனை பேரும் எங்காவது ஒரு வீட்டுக்கு வாடகை கொடுக்கத்தானே போகிறார்கள் என்ற எண்ணம் அவருக்குள் வெகுநாளாக ஊறிக் கிடந்திருக்கிறது.

"தபாலாபீசுல போட்டா பணம் படுத்துத் தூங்கும். வீட்டுல போட்டா வருஷா வருஷம் எந்திரிச்சு வேலைக்குப் போயிட்டு வரும்" என்றார் அப்பா.

"அது சரி. நாளைக்கு ஒரு ஆத்திர அவசரம்னா வீட்டுல நாலு செங்கலை உருவிக்கிட்டுப் போயா மாத்திட்டு வருவீங்க?" என்றாள் அம்மா.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பாங்கு மூடிப்போய், ஜனங்கள் அதன் வாசலில் உட்கார்ந்து அழுததை அப்பா நினைவுபடுத்தினார். அது பாங்கு, இது சர்க்கார் என்றாள் அம்மா. யுத்தம் வந்தால் சர்க்காரே எங்கே இருக்குமோ என்றார் அப்பா. இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்ததால்தான் அந்தப் பேச்சு முடியவே இல்லை. கடைசியில் அம்மா பேசுவதை நிறுத்திக்கொண்டாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, ஐந்தருவிக்குப் போகிற சாலையில் ஓட்டு வீடு ஒன்றை அப்பா வாங்கினார். ரயில்வே வீட்டைக் காலி செய்த நாங்கள் தென்காசியில் வாடகைக்குத்தான் குடியிருந்தோம். சொந்த வீட்டை வைத்துக்கொண்டு அடுத்தவர் வீட்டில் குடியிருக்கிறோமே என்று அம்மா ஒருமுறை சொல்லிச் சிரித்தாள், அப்பா சிரிக்கவில்லை.

முதல் சீசன் நன்றாகப் போயிற்று. அடுத்த வருஷம் சாரல் பொய்த்தது. அருவி பாறையில் நூலாக வழிந்தது. வந்தவர்களும் இரண்டு நாளில் மூட்டை கட்டினார்கள். பூட்டிக் கிடந்த வீட்டின் ஓடுகளைக் குரங்குகள் பெயர்த்துப் போட்டன. எழுந்து வேலைக்குப் போகும் என்று அப்பா சொன்ன பணம், வைத்தியம் கேட்டுப் படுத்துக்கொண்டது. ஓடு மாற்ற அம்மாவின் வளையல்கள் போயின.

அப்போதுதான் யுத்தத்துக்குப் பயந்து ரங்கூனிலிருந்து ஓடி வந்தவர்கள் எங்கள் பக்கமெல்லாம் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒரு குடும்பம் எங்களிடம் வீடு கேட்டு வந்தது. ஒரு பெண்பிள்ளை, இரண்டு குழந்தைகள், கிழவரான மாமனார். கிடைத்த கப்பலில் இவர்களை ஏற்றிவிட்டுப் பின்தங்கிய புருஷன் காட்டு வழியே நடந்து வருவதாகத் தகவல். இலத்தூரில் இருந்த பங்கு வீட்டை விற்றுவிட்டுத்தான் அவர்கள் கடல் கடந்து போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது அங்கே நிற்க நிழல் இல்லை. சும்மா கிடக்கிற வீடுதானே என்று அப்பா கொடுத்தார். ஒரு மாத வாடகை வந்தது. பிறகு வரவில்லை. நடந்து வருகிறவர்கள் வந்து சேரும் கல்கத்தாவில் தெரிந்த கடைக்காரர் ஒருவருக்கு எங்கள் குற்றாலத்து வீட்டு விலாசத்தை எழுதிப் போட்டுவிட்டு, புருஷனுக்காக அந்த அம்மா காத்திருந்தாள்.

சீசன் நெருங்கியபோது ஒரு மில் முதலாளியின் ஆள் வந்து, சீசன் முழுவதற்கும் முன்பணம் தருவதாகச் சொன்னார். அப்பா குற்றாலத்துக்குப் புறப்பட்டார். நானும் கூடப் போனேன். வீட்டைக் காலி செய்யச் சொல்லப் போனவர் கூரையைப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார். அந்த அம்மாவே புரிந்துகொண்டாள்.

"அண்ணாச்சி, அவுக வந்துட்டா ஒரு சல்லி பாக்கி இல்லாம தீத்துருவாக. கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க."

"எனக்கும் ஒரு பொம்பளப்பிள்ளை இருக்கும்மா" என்றார் அப்பா, என்னைக் காட்டி.

அன்று என்னை அவர் காட்டிய விதம் இன்னும் என் உடம்பில் இருக்கிறது. குத்துக்கல்வலசையில் ஒரு கூரைவீட்டை அவரே பார்த்துக் கொடுத்து, வண்டியும் பேசி அனுப்பினார். தன்னால் ஆனதைச் செய்ததாக நினைத்திருப்பார்.

கிழவர் மட்டும் அந்த ஏற்பாட்டுக்கு இணங்கவில்லை. புது விலாசத்தை மருமகள் மறுபடி எழுதிப் போட்டிருந்தும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. விடிந்ததும் நடந்தே குற்றாலத்துக்கு வந்து, எங்கள் வீட்டுக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார். குடியிருந்த முதலாளி வீட்டார் முகம் சுளித்ததால் அப்பா போய்ச் சொல்லிப் பார்த்தார். "நீங்க வீட்டை எடுத்துக்கிட்டீங்க, சரி. எம் மவன் இந்த வீட்டைத்தான தேடி வருவான்? வந்து பாத்து ஆளில்லன்னு திரும்பிப் போயிட்டான்னா?" என்றாராம் கிழவர். அந்த வருஷம் சாரல் பொய்க்கவில்லை. நாள் முழுக்க நனைந்தவருக்குக் காய்ச்சல் கண்டு, ஆடி முடிவதற்குள் போய்ச் சேர்ந்தார்.

மகன் ஆவணியில் வந்தான். கிழவர் சொன்னபடியே குற்றாலத்து வீட்டுக்குத்தான் வந்திருக்கிறான். முதலாளி வீட்டார் அவனைத் தென்காசிக்கு, எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். தாடியும் புண்ணான பாதங்களுமாக வாசலில் நின்றவன், "எங்க அய்யா எங்கன இருக்காக?" என்று தகப்பனாரைத்தான் முதலில் கேட்டான். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு, குத்துக்கல்வலசை வரை அவனோடு நடந்தார். வழியில் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்று எங்களிடம் சொன்னதே இல்லை.

மறு வருஷம் அப்பா வீட்டை விற்றுப் பணத்தைத் தபாலாபீஸில் போட்டார். யுத்த விலைவாசியில் அது கரைந்தது. வாங்கியவருடைய வீடோ மதிப்பில் ஏறிக்கொண்டே போயிற்று. கணக்குப் பார்த்தால் அப்பா இரண்டு தடவையும் தோற்றார். "நான் அப்பவே சொன்னேனே" என்று அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவர் கொஞ்சம் லேசாகியிருப்பாரோ என்னவோ.

போன மாதம் என் மகன் வந்திருந்தான். பிராவிடண்ட் பண்டை எடுத்து ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா, அப்படியே விட்டுவைக்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்டான். வட்டி, வாடகை, வரி எல்லாவற்றையும் அழகாக எடுத்துச் சொன்னான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எனக்கு வேறொரு நாள் ஞாபகம் வந்துவிட்டது.

வீட்டை விற்பதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், கிழவரின் மகனான அந்த ரங்கூன்காரர் வாடகை பாக்கியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்குள் ஏதோ கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். "வேண்டாம்ப்பா, வேண்டாம்" என்றார். வந்தவரோ நீட்டிய கையை மடக்கவில்லை. "எங்க அய்யா பேர்ல கடன் நிக்கக்கூடாது" என்றார்.

அடுக்களையிலிருந்து அம்மா வந்து வாங்கிக்கொண்டாள். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

"அதை எப்படிட்டி வாங்கின?" என்றார் அப்பா.

"நாம வாங்கலன்னா அவருல்ல சுமக்கணும்?" என்றாள் அம்மா. அடுக்களைக்குத் திரும்பியபடி, "பானையிலயும் ஒண்ணுமில்ல" என்றாள்.

பர்மா அரிசி நின்றுபோய், நெல் விளைகிற எங்கள் ஊரிலேயே அரிசிக்கு வரிசையில் நின்ற காலம் அது. அந்தப் பணத்தில்தான் அன்று அரிசி வந்தது. அப்பா சாப்பிடமாட்டார் என்று நினைத்தேன். இலை முன்னால் உட்கார்ந்தார். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். அம்மா இன்னும் கொஞ்சம் போட வந்தபோது, போதும் என்று சொல்லவில்லை.