பெரட்டுக் களம் வரை உருளும் பைக்

நெதர்லாந்தில் நான் குடியிருக்கும் தெருவில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. நடுத்தெருவில் ஒரு பந்தை வைத்தால் காற்று அடித்தால்தான் நகரும். அந்தத் தெருவில் தினமும் விடியும் முன்பு, நன்றாக ஓடும் என் மோட்டார் சைக்கிளை கால்வாய்ப் பாலம் வரை தள்ளிக்கொண்டு போகிறேன். பாலம் தாண்டித்தான் பட்டனை அழுத்துவேன். உடனே ஸ்டார்ட் ஆகும். நாயோடு நடக்க வரும் பக்கத்து வீட்டு பீட் இதைப் பல நாள் பார்த்துவிட்டு, "கபொட்?" என்று கேட்டார். பழுதா என்று பொருள். "நே" என்றேன். அவர் நம்பவில்லை. பழுதில்லாத வண்டியை ஏன் தள்ளுகிறேன் என்று விளக்க என் டச்சு போதாது. தமிழில் சொல்லிவிடலாம்.

போன விடுமுறைக்கு இலங்கை மலையகத்தில், பூனாகலையில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்து வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். மச்சானுக்கு பண்டாரவளையில் மரக்கறிக் கடையில் வேலை. லொறி வருமுன் அவர் கடையில் நிற்க வேண்டும். விடியற்காலையில் பைக்கைச் சத்தமில்லாமல் சரிவில் உருட்டிக்கொண்டு, கீழே தோட்டத்து ஆட்கள் வேலைக்குப் பெயர் கொடுக்க ஒன்றுகூடும் பெரட்டுக் களத்துக்குப் போவார். அங்கே பனிமூட்டத்துக்குள் கிக் மேல் கிக்காக அடிப்பார். குளிரில் அது லேசில் பிடிக்காது. அந்த வாரம் லொறி அவரை முந்திவிட்டது. இனியும் லேட்டானால் வேறு ஆள் பார்ப்பேன் என்று கடை முதலாளி பாய் சொல்லியிருந்தார்.

பௌர்ணமிப் போயா விடுமுறையன்று வாசலில் சாக்கை விரித்து வண்டியைக் கழற்றினேன்.

"லீவுக்கு வந்த ஆளு, கையெல்லாம் ஒயிலாக்கிக்கிட்டு" என்றாள் அக்கா.

"வுடு, ஹொலண்ட்ல இருந்து பாஸ் வந்திருக்காரு" என்றார் மச்சான். மெக்கானிக்கை அங்கே பாஸ் என்பார்கள். "ஸ்டார்ட் ஆனா போதும் மாப்ள. உருட்டுறது எப்படியும் உருட்டத்தான் போறேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் பொருட்படுத்தவில்லை. சோக் கேபிள் துருவேறி, பாதி தூரம்தான் இழுபட்டது. கார்ப்ரேட்டரின் சிறிய ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், துளை தெரியவில்லை. பழைய பிரேக் கேபிளின் ஓர் இழையால் குத்தி, பெற்றோலில் கழுவினேன். கருத்துப்போயிருந்த பிளக்கைத் தேய்த்துப் பூட்டினேன்.

மறுநாள் மச்சானுக்கு முன்பே எழுந்து, வாசலிலேயே சோக்கை இழுத்து ஒரு கிக் அடித்தேன். பிடித்துக்கொண்டது. சூடேறட்டும் என்று முறுக்கினேன். சுவர் அதிர்ந்தது.

பக்கத்துக் காம்பராக் கதவு படாரென்று திறந்தது. சரோஜா பிள்ளையை அணைத்துக்கொண்டு வெறுங்காலோடு வெளியே ஓடி வந்தார். பைக்கைப் பார்க்கவில்லை. மலையைப் பார்த்தார். மீரியபெத்தயில் மலை சரிந்த காலையில் தாய் தகப்பனை இழந்தவர்; பிறகு இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். அது எனக்குத் தெரியும். ஒரு பைக்கோடு அதைச் சேர்த்து யோசித்ததில்லை.

மச்சான் ஓடி வந்து சாவியைத் திருகினார். "ஒன்னுமில்ல தங்கச்சி, பைக்குதான். மழைகூட இல்ல பாருங்க." அக்கா பிள்ளையை வாங்கிக்கொண்டாள். சரோஜா மலையிலிருந்து கண்ணை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

பெரட்டுக் களம் வரை நானும் மச்சானோடு நடந்தேன்; சரிவு முழுக்க அவர் கை பிரேக்கின் மேலேயே இருந்தது.

"இந்த லயத்துல நாலு பைக்கு இருக்கு மாப்ள. ஒன்னும் வாசல்ல ஸ்டார்ட் ஆகாது."

"எல்லாம் பழுதா?"

"இதத் தவிர ஒன்னும் பழுதில்ல."

"அப்படி யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்?"

அவர் ஒரே கிக்கில் கிளம்பிப் போனார். கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் அக்காவுக்கு போன் வந்தது: லொறி இன்னும் வரவில்லை; பாய் கூட வரவில்லை.

மாலையில் பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த சரோஜாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவரே ஆரம்பித்தார். "நல்ல கைராசிண்ணே ஒங்களுக்கு. அடுத்த தடவ லயத்துக்கே ஒரு கிக் போடுங்க, எல்லாருமா பண்டாரவளைக்குப் போயிருவோம்." குடத்தை இடுப்பில் வைத்துச் சிரித்துக்கொண்டே போனார். மறுநாள் விடியலில் நான் விழித்தபோது மச்சான் போய்விட்டிருந்தார். எனக்கு எந்தச் சத்தமும் கேட்டிருக்கவில்லை.

பூனாகலையில் சுவருக்கு அந்தப் பக்கம் யார் தூங்குகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே எனக்குத் தெரியாது. தெரியாததால் தள்ளுகிறேன். போன வாரம் பீட் நாயை வேலியில் கட்டிவிட்டு, கேட்காமலே வந்து பின்சீட்டில் கை வைத்துத் தள்ளினார். பாலம் தாண்டி வண்டி ஸ்டார்ட் ஆனதும் தன்னால்தான் ஆனது என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மறுக்கவில்லை. இப்போது தினமும் வருகிறார். அவர் பின்னால் தள்ள, நான் ஹாண்டிலைப் பிடித்து நடக்கிறேன். என் கை மட்டும், மச்சான் கையைப் போல, பிரேக்கின் மேலேயே இருக்கிறது. பிரேக் பிடிக்க இந்தத் தெருவில் சரிவு இல்லை.