ஆண்டியப்பனின் சிங்களக் கணக்கு

வீடு கட்டும் மேசன் ஆண்டியப்பன் என் சின்னம்மாவின் மூத்த மகள் வடிவம்மாவின் புருசன். வடிவம்மா வன்னியில் தண்ணீரூற்றில் பிறந்தவள். ஆண்டியப்பன் பிறந்தது தெற்கே களுத்துறைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில். அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லை. தகப்பன் அவரைப் பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பள்ளியில் சேர்த்துவிட்டார். தமிழரை விரட்டிய எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு குடும்பமே வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியது.

அவர் சாமி கும்பிடுவதும் சண்டை பிடிப்பதும் பேரப்பிள்ளையைக் கொஞ்சுவதும் தமிழில்தான். சுவர் அளக்கும்போது மட்டும் வாய் சிங்களத்தில் முணுமுணுக்கும். கணக்கு முடிந்ததும் விடையைத் தமிழில் சொல்வார்.

"மேசன் அண்ணை, கல்லுக்குத் தமிழ் விளங்காதோ?" என்று கூட வேலை செய்யும் பரந்தன் பொடியள் நக்கலடிப்பார்கள்.

"கல்லுக்கு விளங்குமடா. என்ரை மண்டைக்குத்தான் விளங்காது."

போன மாசியில் வேலை செய்துகொண்டிருந்த இடத்தில் வாயும் வலக்கையும் இழுத்துவிட்டன. பாரிசவாதம். பெரியாஸ்பத்திரிக்கு நேரத்தோடு கொண்டுபோனதால் உயிர் தப்பியது. பேச்சும் மெல்ல மெல்லத் திரும்பியது. புத்தி பழையபடி இருக்குமோ என்பதுதான் மிச்சமிருந்த பயம்.

அதைப் பார்க்கத்தான் ஒரு காலை இளம் டொக்டர் வந்தார். வடிவம்மாவும் மகள் நிசாந்தினியும் நானும் கட்டிலடியில் நின்றோம்.

"ஐயா, நூறிலை ஏழு போனா எவ்வளவு?"

ஆண்டியப்பன் முகட்டைப் பார்த்தார். நெற்றி வேர்த்தது.

"சரி, எட்டும் ஐஞ்சும்?"

"இருபது..." என்று இழுத்தவர், பிழையென்று தானே தலையாட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நிசாந்தினிக்கு அழுகை வந்துவிட்டது. "அம்மா, அப்பாவுக்கு ஒண்டும் விளங்கேல்லை. இனித் தனிய வெளியிலை விடேலாது. என்ரை வீட்டிலை ஒரு அறைக்குள்ளை வைச்சுப் பாக்கிறன்" என்றாள். பாசத்தில்தான் சொன்னாள். ஆனால் தகப்பன் அங்கே படுத்திருப்பதையே மறந்தவள்போல அவர் தலைக்கு மேலாகச் சொன்னாள். அவருக்கோ எல்லாம் கேட்டது. கண் நிறைந்திருந்ததை நான் கண்டேன்.

"பொறு பிள்ளை," என்று வடிவம்மா முன்னுக்கு வந்தாள். "டொக்டர் தம்பி, கணக்கை அவரிட்டைச் சிங்களத்திலை கேட்டுப் பாருங்கோ."

"ஏனம்மா, ஐயா சிங்களவரோ?"

"இல்லை ராசா. கணக்கு மட்டும்தான் சிங்களம். கலியாணம் கட்டின நாள் துவக்கம் உந்தச் சக்களத்தியோடைதான் சீவிக்கிறன்."

பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்துவிட்டார். டொக்டருக்குச் சிங்களம் அவ்வளவு வராது. மதவாச்சிப் பக்கத்துச் சிங்கள நேர்ஸ் பிள்ளை ஒருத்தியைக் கூப்பிட்டார். அவள் கட்டில் விளிம்பில் இருந்து, ஆண்டியப்பனின் விழுந்த கையைப் பிடித்துக்கொண்டு, அந்த முதல் கேள்வியையே சிங்களத்தில் கேட்டாள்.

"அனூதுனய்" என்றார் ஆண்டியப்பன்.

தொண்ணூற்று மூன்று. இன்னும் ஏழு போனால் என்று கேட்டாள். "அசூஹயய்." எண்பத்தாறு. அடுத்ததற்கு அவள் கேட்டு முடிக்கவே விடவில்லை. எழுபத்தொன்பதும் வந்தது.

"ஹரி, தாத்தே, ஹரி!" - சரி அப்பா, சரி - என்று அந்தப் பிள்ளை தன் தகப்பனே பாஸ் பண்ணினதுபோல் துள்ளினாள்.

டொக்டருக்கும் சந்தோசம். "சின்னனிலை எந்தப் பாசையிலை கணக்குப் படிச்சமோ, மூளை அதிலைதானம்மா வைச்சிருக்கும். நான் டொக்டருக்குப் படிச்சது இங்கிலிசிலை. ஆனா ஏழெட்டு எவ்வளவெண்டு இண்டைக்கும் தமிழிலைதான் சொல்லிப் பாக்கிறன். ஐயா முந்தி சிங்களத்திலை கூட்டித் தமிழிலை மாத்திச் சொன்னவர். இப்ப அந்த மாத்திறதுதான் கொஞ்சம் தடக்குது. புத்தி நல்லாயிருக்கு. கைக்குத்தான் பயிற்சி வேணும்."

அந்த நேர்ஸ் பிள்ளையின் பெயரைக் கேட்கவும் எங்களுக்குத் தோன்றவில்லை. அவள் எங்கேயிருந்தாலும் நன்றாயிருக்க வேண்டும். அவள் தகப்பன் நோயில் படுத்தாலும் இப்படிக் கைபிடிக்க ஒரு நேர்ஸ் பிள்ளை வாய்க்க வேண்டும். களுத்துறையில் ஒரு தோட்டத்துச் சிறுவனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த அந்த வாத்தியாரையும் நினைத்துக்கொண்டேன்.

நிசாந்தினி கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி வந்து தகப்பனின் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"அப்பா, நீங்கள் சொல்லுங்கோ. என்னட்டை வாறியளோ, உங்கடை வீட்டையே போறியளோ?"

"என்ரை வீட்டை," என்றார் ஆண்டியப்பன், தமிழில்.