கம்பெனி பஸ்ஸில் எனக்கும் ஒரு சீட்

பிளஸ் டூ அரையாண்டில் கெமிஸ்ட்ரி ஃபெயிலானதிலிருந்து நான் புத்தகத்தையே தொடவில்லை.

இன்று காலை ஒரகடம் ஸ்டாப்பில் ஸ்கூல் பஸ்ஸுக்காக, போனைப் பார்த்தபடி நின்றிருந்தேன். எங்கள் ஸ்கூல் கோட்டும் அங்கே ஒரு கம்பெனியின் கோட்டும் ஒரே நீலம். கழுத்தில் ஐடி கார்டு வேறு. பஸ் வந்ததும் ஓர் அக்கா பின்னாலிருந்து தள்ளினார்.

"இன்னாம்மா நின்னுகினு கீற? ஏறு, பஞ்ச் டைம் ஆவுது!"

ஏறிவிட்டேன்.

உள்ளே ஒருவர்கூட என்னை வித்தியாசமாகப் பார்க்கவில்லை. அக்கா நகர்ந்து இடம் கொடுத்தார்.

"புதுசா? எந்த லைன்?"

ஃபேக்டரியில் எந்த லைனில் வேலை என்று கேட்கிறார். அப்போதுதான் அது கம்பெனி பஸ் என்று புரிந்தது.

"அக்கா, நான் பிளஸ் டூ படிக்கிறேன்!"

அவர் சிரிக்கவில்லை. "நானும் பட்ச்சிகினுதான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, டிரைவரிடம் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

இறங்கியதும் ரோட்டோரத்திலேயே கெமிஸ்ட்ரியைத் திறந்தேன்.

ஆர்கானிக் நோட்ஸ் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அனுப்புங்கள். அந்த பஸ் தினமும் வருகிறது.