ஆர்லீனின் மூக்கும் மேப்பிள் சருகும்

ஆர்லீன் கொடெட் முப்பத்தொரு வருடம் வெர்மான்ட்டின் வடகோடியில் ஒரு மர அறுவை மில்லில் பலகை தரம் பிரித்தவள். கண்ணால் பார்ப்பதற்கு முன் முகர்ந்துவிடுவாள். சிவப்பு ஓக் காடிபோலப் புளிக்கும். மஞ்சள் பிர்ச்சில் சுளுக்குக்குத் தேய்க்கும் தைல வாசம். செர்ரிப் பட்டையில் கசப்பு பாதாம். மில் ஆட்கள் அவளை ‘வேட்டை நாய்’ என்றார்கள்; அவளும் திரும்பிப் பார்ப்பாள். கணவனைப் புதைத்தது, மகள் ரொக்ஸானைத் தனியாளாக வளர்த்தது, குன்றின்மேல் இருக்கும் வீட்டுக்குத் தானே ஏறிக் கூரை மாற்றியது எல்லாம் அந்த வேலைக்கு நடுவில்தான்.

எழுபத்திரண்டாம் வயதில், ஜனவரியில் வந்த ஒரு காய்ச்சல் அவள் மூக்கைக் கொண்டுபோய்விட்டது. நான், மார்ஜ், வாரத்துக்கு மூன்று நாள் அந்த வீட்டுக்குப் போகும் பராமரிப்பாளர். மார்ச்சில் ஒரு காலை கதவைத் திறந்ததும் எரிவாயு நாற்றம் முகத்தில் அறைந்தது. அடுப்புக் குமிழ் திறந்திருந்தது, தீ இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். அவளை வெளியே இழுத்துப்போட்டு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ரொக்ஸானுக்குப் போன் செய்தேன். அதற்காக ஆர்லீன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

எரிவாயு கசிந்தால் கத்தும் அலாரம் ஒன்றைச் சுவரில் மாட்டினோம். ரொக்ஸானுக்கு அது போதவில்லை.

“அக்டோபர் வரைக்கும் பாக்கறேம்மா. மூக்கு திரும்பலேன்னா நீ பாஸ்டனுக்கு வந்துடணும். என் வீட்டுப் பக்கத்துலயே வயசானவங்க குடியிருப்பு இருக்கு.”

“அங்க முகர என்னடி இருக்கு? கார் புகையா?”

கிளினிக்கில் நான்கு புட்டி கொடுத்தார்கள்: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூக்கலிப்டஸ். காலையும் மாலையும் முகர்ந்து பழக்க வேண்டும்.

“ரோஜாவா? எனக்கு எவன் ரோஜா குடுத்தான், ஞாபகத்துல வர்றதுக்கு?” என்று அத்தனையையும் கொட்டினாள். பிர்ச் குச்சி, செர்ரிப் பட்டை, பால்சம் மரத்து ஊசியிலை, மேப்பிள் இலை என்று நிரப்பினாள். நான் தடுக்கவில்லை. பயிற்சிக்கு வேண்டியது தெரிந்த வாசனையும் ஒழுங்கும்தான். மாத்திரைகளோடு சேர்த்து அதையும் அட்டவணையில் எழுதினேன்.

கோடை முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. ஆகஸ்டில் எல்லாமே எரிந்த ரப்பர்போல நாறின.

“கொமட்டுது மார்ஜ்.”

“நல்ல அறிகுறி. மூக்கு முழிச்சுக்குது. நிறுத்தாதே.”

செப்டம்பர் கடைசியில் இரண்டு நாள் விடாத மழை. வாசல் மேப்பிள் பாதி இலையைக் கொட்டியிருந்தது. புட்டிக்குப் புதுச் சருகு அள்ளப் போனவள் கையை மூக்கருகே வைத்தபடி நின்றுவிட்டாள்.

“பாகு காய்ச்சின பானை.”

“என்ன?”

“மேப்பிள் பாகு காய்ச்சி, கழுவாமப் போட்ட பானை. அடியில கொஞ்சம் மக்கின வாடை. மார்ஜ், இது ரப்பர் இல்லடி!”

அந்த ஈரச் சருகிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடியில் ஒரு சாக்கைத் திணித்துவிட்டு உள்ளே போய் டீ போட்டேன்.

அக்டோபர் நடுவில் ரொக்ஸான் வந்தாள். காரில் சாமான் கட்ட அட்டைப்பெட்டிகள். “விறகடுப்ப இப்ப மூட்ட வேணாம் மார்ஜ், புழுங்குது” என்றாள். வெளியே உறைபனி. ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அம்மாவின் கண்ணைத் துண்டால் கட்டினாள். தான் கொண்டுவந்த இலைகளை ஐந்து புட்டியில் போட்டாள். “நீங்க ஒண்ணொண்ணா குடுங்க மார்ஜ். வாயத் திறக்கக் கூடாது.” பிறகு குழாயைத் திறந்துவிட்டுக் கோப்பை கழுவப் போனாள்.

“பால்சம்,” என்றாள் ஆர்லீன். சரி. “செர்ரி.” சரி. “சர்க்கரை மேப்பிள்.”

“தப்பு. அது சிவப்பு மேப்பிள்ம்மா.”

“ரெண்டும் பங்காளிங்கதானே!”

“தப்பு தப்புதான்.”

நான்காவது புட்டியை நீட்டினேன். அப்போதுதான் பார்த்தேன். ரொக்ஸானின் ஒரு கை குழாயடியில், மறு கை எரிவாயு அடுப்பின் குமிழில். விறகடுப்பை மூட்ட விடாதது இதற்குத்தான். சீறும் சத்தம் தண்ணீர்ச் சத்தத்தில் அமுங்கிப்போயிருந்தது. எனக்கே லேசாகத்தான் நாற்றம் எட்டியது. இன்னும் பத்து எண்ணுவது, பிறகு எழுந்துபோய் மூடுவது என்று முடிவு செய்துகொண்டேன். ஆறு எண்ணும்போது ஆர்லீன் புட்டியிலிருந்து முகத்தை எடுத்தாள். தலை அடுப்புப் பக்கம் திரும்பியது.

“இலை கிடக்கட்டும். குமிழ மூடுடி ரொக்ஸான்.”

சுவர் அலாரம் இன்னும் வாயே திறக்கவில்லை.

ரொக்ஸான் மூடினாள். ஜன்னலைத் திறந்தாள். “மார்ஜ், நீங்க ஏதாச்சும் ஜாடை காட்டினீங்களா?”

“கட்டின கண்ணுக்கு ஜாடையா?” என்றேன்.

ரொக்ஸான் அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக, “சரி, இங்கயே இரு, கிழவி,” என்றாள்.

“இரு, இன்னும் ரெண்டு பாக்கி.” துண்டை அவிழ்க்க விடவில்லை. “பிர்ச்.” சரி. கடைசியை முகர்ந்து மூக்கைச் சுளித்தாள். “ஓக். அதுவும் உங்க ஊரு ஓக். பெட்ரோல் நாத்தம்.”

ரொக்ஸான் துண்டை அவிழ்த்துவிட்டாள். பாஸ்டனில் தன் வீட்டு வாசலில் பொறுக்கிய இலை அது.

மாலையில் அட்டைப்பெட்டிகளைத் திரும்பக் காரில் ஏற்றினாள். ஆர்லீன் வாசலில் நின்று கத்தினாள்:

“ரெண்டு பெட்டிய விட்டுட்டுப் போ. விறகடுப்பு பத்தவைக்க ஆகும்.”