பதினேழாம் இலக்கக் கிணறு

எனக்குக் கிணறு என்றால் பயம். பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகச் சேர்ந்தபோது இதை யாரிடமும் சொல்லவில்லை. நேர்முகத் தேர்வில் கொங்கிறீற் கலவையைப் பற்றிக் கேட்டார்கள், வடிகாலின் சாய்வைப் பற்றிக் கேட்டார்கள். கிணற்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நான் குருநகரில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டுப் படியில் நின்றால் வள்ளங்கள் தெரியும். தண்ணீர் குழாயில் வரும். வராத நாளில் பவுசர் லொறியில் வரும். இருபத்தாறு வயது வரைக்கும் ஒரு கிணற்றை எட்டிப் பார்க்கவேண்டிய தேவை எனக்கு வரவில்லை.

சபையின் எல்லை நகரத்துக்கு வெளியே தொடங்குகிறது. வெங்காயமும் புகையிலையும் நின்ற தோட்டக் காணிகள் அங்கே துண்டு துண்டாக வீட்டுக் காணிகளாகிக்கொண்டிருந்தன. பழைய தோட்டக் கிணறுகள் பலவற்றுக்குச் சுற்றுக் கட்டு இல்லை. நிலத்தோடு நிலமாக வாய் திறந்து கிடக்கும். தோட்டம் செய்தவர்களுக்கு அது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். புதிதாக வீடு கட்டி வருகிறவர்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று சைக்கிளோடு ஒரு கிணற்றின் விளிம்பு வரை போய்த் தப்பிய பிறகு சபை தீர்மானம் எடுத்தது. ஒழுங்கைப் பாதைகளுக்கும் குடிமனைகளுக்கும் அருகிலுள்ள கட்டில்லாத கிணறுகளைப் பட்டியலிட வேண்டும். உரிமையாளர்கள் கட்டுக் கட்டவேண்டும், அல்லது மூடவேண்டும். பட்டியல் போடும் வேலை எனக்கு வந்தது.

பட்டியல் போடுவது எனக்குப் பிடித்த வேலை. இலக்கம், ஒழுங்கையிலிருந்து தூரம், வாயின் அகலம், தண்ணீர் வரைக்கும் ஆழம், உரிமையாளர், எடுக்கவேண்டிய நடவடிக்கை, முடிந்ததா: ஏழு நிரல்கள். என்னோடு வந்தவர் சபையின் வேலை மேற்பார்வையாளர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், வாய் ஓயாதவர். அவர் விளிம்பில் குந்தியிருந்து அளவுநாடாவை இறக்கி அளவைச் சொல்லுவார். நான் நாலடி தள்ளி நின்று எழுதுவேன்.

“என்ன மிஸ், அங்கை நிண்டால் தண்ணி தெரியுமோ?”

“நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ அண்ணை, நான் எழுதுறன்.”

“அப்பா கடலுக்குப் போறவர். மகளுக்குக் கிணத்துத் தவளையைக் கண்டால் நடுக்கம்.”

நானும் சிரித்துவிடுவேன். சிரித்தால் மேலே கேட்கமாட்டார்.

பதினேழாம் இலக்கம் ஒரு பங்குக் கிணறு. ஒரு தகப்பனின் தோட்டத்தை ஐந்து பிள்ளைகளுக்குப் பிரித்தபோது காணி பிரிந்தது, கிணறு பிரியவில்லை. ஐந்து காணி உறுதிப் பத்திரங்களிலும் ‘கிணற்றில் ஐந்திலொரு பங்கு’ என்று எழுதியிருந்தது. நாலு பேர் வெளிநாட்டில். ஊரில் இருந்தவர் கடைசி மகள் மட்டும், ஐம்பது தாண்டிய அன்ரி. கட்டுக் கட்டச் சொல்லி அவரிடம்தான் கடிதத்தைக் கொடுத்தேன்.

“கட்டலாம் பிள்ளை. கட்டினால் அண்ணை கனடாவிலை இருந்து எடுத்துக் கேப்பார், என்ரை பங்கைச் சுத்தி ஆரைக் கேட்டுக் கட்டினனீ எண்டு. போன முறை ஒரு தென்னம்பிள்ளை வைச்சதுக்கே லோயரின்ரை கடிதம் வந்தது.”

“அப்ப தூர்த்து விடலாமே அன்ரி?”

“ஐயோ, கிணறு தூர்க்கிறதோ! குடும்பத்துக்கு ஆகாது. அந்தப் பழியை நான் ஏற்கமாட்டன்.”

சபைக் கூட்டத்திலும் இதே கதைதான். “பங்குக் கிணத்திலை நாங்கள் கை வைச்சால் ஐஞ்சு பேரும் ஒற்றுமையா வந்து எங்களிலை வழக்குப் போடுவினம்,” என்றார் ஓர் உறுப்பினர். “அதுகள் ஒற்றுமையாகிறதுக்கு வேறை வழியும் இல்லை,” என்றார் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். எல்லோரும் சிரித்து முடிய, “மிஸ் என்ன சொல்லுறா?” என்று தவிசாளர் என்னைப் பார்த்தார். உரித்துப் பிரச்சினை தீரும்வரை தற்காலிகமாக மூடலாம் என்றேன். அதுவே தீர்மானமாயிற்று.

இரண்டு கிழமையில் அன்ரி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கிணற்று வாயின் மேல் தகரங்கள், தகரங்களின் ஓரத்தில் நாலு கற்கள். தகரத்தைக் கீழே எது தாங்குகிறது என்று நான் கேட்டிருக்கவேண்டும். போய்ப் பார்த்திருக்கவேண்டும். ஆனால் அந்தப் படம் வந்ததும் எனக்கு வந்தது நிம்மதி. அந்த விளிம்புக்கு இனிப் போகத் தேவையில்லை. ஏழாம் நிரலில் சரி போட்டேன்.

அடுத்த மாரி தொடங்கியபோது பக்கத்துக் காணியில் வீட்டுத்திட்ட வீடு ஒன்று முடிந்திருந்தது. குடியிருக்கத் தகுந்த வீடு என்று சபை சான்றிதழ் கொடுக்கவேண்டும். அதற்குப் பார்க்கவேண்டியவற்றை எழுதிக்கொண்டு போனேன். கூரைக் கட்டு, யன்னல்கள், மலசலகூடக் குழி, குழிக்கும் அருகிலுள்ள கிணற்றுக்கும் இடையிலான தூரம். கணவர் கொழும்பில் வேலை செய்ய, நாலு வயது மகளோடு ஓர் இளம் தாய் அங்கே குடிவந்திருந்தார். முதல்நாள் பெய்த மழையில் வளவு முழுக்கச் சேறு. முதல் மூன்றையும் பார்த்து முடித்தேன்.

“கிட்ட இருக்கிற கிணறு எது அக்கா?”

“இஞ்சை கிணறு ஒண்டும் இல்லை மிஸ். எங்களுக்குக் குழாய்த் தண்ணிதான்.”

என் கையில் இருந்த வரைபடத்தில் கிணறு இருந்தது. குசினி வாசலுக்கு நேரே, ஒரு வீட்டு நீளம் தள்ளி. நான் வாசலில் நின்று பார்த்தேன். பின்பக்கம் இன்னும் வேலி அடைக்கவில்லை. கோவைக்கொடி மட்டுமே படர்ந்து கிடந்தது.

“உதிலை பழைய தகரம் ஏதும் கிடந்ததோ?” என்று கேட்டேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“ஓம், கொடிக்குள்ளை கிடக்கு. மழைக்குச் சேறில்லாத இடம் அது ஒண்டுதான். இவ நெடுக அதிலைதான் சோறு கறி ஆக்கி விளையாடுறவ. இப்பவும் அதிலைதான் இருக்கிறா, பாருங்கோ.”

கொடியின் நடுவே ஒரு சின்னச் சிவப்புச் சட்டை தெரிந்தது. பிள்ளை எங்களுக்கு முதுகு காட்டிக் குந்தியிருந்து சிரட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எட்டி இன்னொரு சிரட்டையை எடுத்தபோது அவளுக்குக் கீழே தகரம் ‘டொங்’ என்றது. உள்ளே வெறுமை இருந்தால் மட்டும் வரும் சத்தம்.

பயத்திலும் என் மூளை பட்டியல் போட்டது. தகரம் ஒரு மாரி நனைந்தது. வாயின் அகலம் பதினொரு அடி. தாங்குவது என்னவென்று தெரியாது. பிள்ளை துள்ளக்கூடாது. தாய் ஓடக்கூடாது. நான் விழக்கூடாது. கடைசியைத்தான் முதலில் செய்துவிடுவேன் போலிருந்தது. தாயின் கையைப் பிடித்தேன்.

“அக்கா, நான் ஒண்டு சொல்லுறன். நீங்கள் கத்தக் கூடாது, ஓடக் கூடாது. அந்தத் தகரத்துக்குக் கீழை கிணறு.”

அவர் கத்தவில்லை. அவருடைய நகங்கள் என் மணிக்கட்டில் இறங்கின. “எவ்வளவு ஆழம்?” என்று மூச்சால் கேட்டார். நாலாம் நிரலில் இருந்த எண் எனக்கு மனப்பாடம். சொல்லவில்லை.

மேற்பார்வையாளர் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார். கை காட்டிக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார், பகிடி ஒன்றும் வரவில்லை. மேசன்மார் விட்டுப்போன நீள ஏணி சுவரில் சாய்ந்திருந்தது. இருவரும் தூக்கி வந்தோம். ஏணியைக் குறுக்கே போடலாம், இரண்டு நுனியும் நிலத்தில் இருக்கவேண்டும். ஆனால் நிலம் எங்கே முடிகிறது என்று கொடி மறைத்திருந்தது. ஒருவர் தவழ்ந்து போய்த் தடவிப் பார்க்கவேண்டும். பாரம் குறைந்தவள் நான்.

மண்ணோடு படுத்து, கொடிக்குக் கீழே கையை விட்டு முன்னேறினேன். ஈர மண், கல், மறுபடி கல். அதற்கப்பால் கை எதிலும் படவில்லை. கீழேயிருந்து குளிர்ந்த காற்று உள்ளங்கையில் பட்டது. அந்தக் குளிர் இப்போது இதை எழுதும்போதும் கையில் இருக்கிறது. “இதுதான் விளிம்பு,” என்றேன். அவர் ஏணியை என் தோளுக்கு மேலாக, பிள்ளைக்குப் பக்கத்தால், மறுகரை மண் வரை மெல்லத் தள்ளினார். பிள்ளை திரும்பிப் பார்த்தாள்.

தாய் அப்போது பேசியதுபோல் என்னால் ஒருநாளும் பேசியிருக்க முடியாது.

“செல்லம், சமையல் முடிஞ்சுதோ? அம்மாக்குப் பசிக்குது.”

“இன்னும் கறி இறக்கேல்லை.”

“கறி வேண்டாம், சோத்தை மட்டும் கொண்டு வாங்கோ. இந்த ஏணியிலை பூனைக்குட்டி மாதிரித் தவண்டு வரவேணும். எழும்பினால் நீங்கள் தோத்துப்போவியள்.”

“ஆர் வெண்டது?”

“வந்தால் நீங்கள்தான் வெண்டது. இந்த மிஸ் தோத்துப்போனா, பாருங்கோ, படுத்துக் கிடக்கிறா.”

பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு கையில் மண் நிறைந்த சிரட்டையோடு ஏணியில் தவழத் தொடங்கினாள். ஒவ்வொரு படியிலும் நின்று சோறு சிந்துகிறதா என்று பார்த்தாள். கடைசிப் படிக்கு முன்பே தாய் அவளை இழுத்து எடுத்துவிட்டார். சிரட்டை விழுந்தது. சோறு கொட்டிவிட்டதென்று பிள்ளை அழுதாள். தாய் சேற்றிலேயே குந்தி அவளை இறுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார்.

மேற்பார்வையாளர் ஒரு பாதிச் சீமெந்துக் கல்லை எடுத்துத் தகரத்தின் நடுவில் எறிந்தார். கல் தகரத்தில் நிற்கவே இல்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தண்ணீர்.

“மிஸ், உது லிஸ்டிலை சரி போட்டதெல்லே?”

“ஓம் அண்ணை. நான்தான் போட்டது.”

அன்றைக்கே முட்கம்பி அடிக்க வைத்தோம். அந்தக் கிழமைக் கூட்டத்தில், நேரில் பார்க்காமல் படத்தைப் பார்த்துச் சரி போட்டேன் என்று எழுதி வாசித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஓர் உறுப்பினர் ஒழுங்கைப் பக்கம் மதில் கட்டலாம், அது சபையின் நிலம், வழக்கு வராது என்றார். “பிள்ளை ஒழுங்கையாலை வரேல்லை, ஐயா. குசினி வாசலாலை வந்தவ,” என்றேன். கூட்டத்துக்கு அழைக்கப்பட்டிருந்த அன்ரி எழுந்து, எல்லோர் முன்னாலும் கனடாவுக்கு எடுத்து, நடந்ததைச் சொல்லி, தொலைபேசியை மேசையில் வைத்தார். தூக்கம் கலைந்த ஒரு குரல் சபையில் கேட்டது.

“கட்டுங்கோ, கட்டுங்கோ. நான் சம்மதிச்சதெண்டு மட்டும் ஒரு இடத்திலையும் எழுதிப்போடாதேங்கோ.”

செயலாளர் எதை எழுதினார் என்று எனக்குத் தெரியாது. ஆட்கள் மார்பளவுக்குக் கட்டு எழுப்பி, மேலே கம்பி வலையும் போட்டார்கள். ஒவ்வொரு நாளும் போய் நின்று பார்த்தேன்.

ஆனால் பயம் போகவில்லை, இடம் மாறியது. பட்டியலை மேசையில் விரித்து, படம் பார்த்துப் போட்ட சரிகளைத் தேடினேன். பதினேழைத் தவிர இன்னும் ஆறு. ஆறையும் வெட்டினேன். மறுநாள் காலையில் முதலாவதுக்குப் போனேன்.

அது ஓர் ஓய்வுபெற்ற மனிதரின் வளவு. பேரப்பிள்ளைகளின் சைக்கிள்கள் முற்றத்தில் கிடந்தன. வந்த காரணத்தைச் சொன்னதும் அவருக்குச் சந்தோசம்.

“நல்ல பலமா மூடினனான் பிள்ளை. ஆனை ஏறினாலும் அசையாது. பாருங்கோவன்.”

நான் வாய் திறக்க முன்னர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தகரத்தின் நடுவுக்குப் போய் இரண்டு முறை துள்ளினார். அதே ‘டொங்’ கேட்டது.

“ஐயா, துள்ளாதேங்கோ. அப்பிடியே அசையாமல் நில்லுங்கோ.”

“ஏன் பிள்ளை, முகமெல்லாம் வெளிறிப்போச்சு?”

பட்டியலை நிலத்தில் வைத்தேன். விளிம்பில் குப்புறப் படுத்து, தகரத்துக்குக் கீழே கையை விட்டேன். மேலே நின்று அவர், உடுப்பெல்லாம் ஊத்தையாகப் போகுது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கைக்குத் தகரத்தைத் தாங்கும் ஒரு பனைமரச் சிலாகை தட்டுப்பட்டது. நகத்தால் அழுத்தினேன், உறுதியாக இருந்தது. இரண்டாவதைத் தேடிக் கையை இன்னும் உள்ளே நீட்டினேன்.