தக்சாயினி ஏறாத மலை

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் தக்சாயினிக்கு ஐம்பது வயதை நெருங்கும்போது மலை ஏறும் ஆசை வந்தது. அந்த நகரத்தைச் சுற்றி மலை ஏது? பழைய சுரங்கக் கழிவைக் கொட்டிய மேடுகள்தான். வேலை முடிந்ததும் முதுகுப்பையில் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டு, மழையிலும் பனியிலும் அவற்றில் ஏறி இறங்கினாள். கென்யா மலைக்கு ஆட்கள் அதிகம் போகாத புர்குரெட் வழியைத் தேடிப் பிடித்ததும் அவள்தான். கூட்டத்தோடு கூட்டமாக ஏறுவதில் அவளுக்கு விருப்பமில்லை.

"பொம்பிளை தனியப் போறதோ? சனம் என்னைத்தான் கேக்கும்," என்று கணவர் துவாரகனும் கிளம்பினார். அந்த மேடுகளில் ஒருநாளும் அவர் ஏறியதில்லை.

வழிகாட்டி கமாவுவும் அவருடைய தம்பியும் மூங்கிலை வெட்டி வழிவிட, யானைகள் மிதித்த சேற்றில் நடந்தார்கள். காடு முடிந்து புல்வெளிக்கு மேலே ஏறியபோது துவாரகன் வாந்தியெடுத்தார். கால் தடுமாறியது.

"உயரம் இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தம்பி கீழே கூட்டிப்போவான்," என்றார் கமாவு. "நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள். நாம் மேலே போகலாம்."

முகில் விலகி உச்சி தெளிவாகத் தெரிந்தது. துவாரகன் அவளுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னை விட்டிட்டுப் போயிடாதையும்."

அவள் இறங்கினாள். வழியெல்லாம் அவரைத் தோளில் தாங்கினாள்.

திரும்பி வந்த சில வாரங்களில் ஒரு பிறந்தநாள் விழா. துவாரகன் கைபேசியில் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"உச்சி கிட்டத்தான். இவவுக்கு ஏலாமல் போச்சு. இவவை விட்டிட்டு நான் மட்டும் போகலாமோ? நானும் இறங்கிட்டன்."

"நல்ல மனுசன் அண்ணை நீங்கள்," என்றார் ஒருவர்.

"வாந்தி எடுத்தது நானில்லை, இவர்," என்றாள் தக்சாயினி. மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். துவாரகனும் சிரித்தார்.

காரில் கேட்டாள். "ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"சும்மா ஒரு கதைக்கு. உமக்கு அதிலை என்ன குறைஞ்சு போச்சு?"

அடுத்த ஆண்டு தனியாகப் போவதென்று விடுப்புக் கேட்டாள். அதற்குள் இல்லத்தில் ஒரு நோயாளியைத் தூக்கும்போது முதுகெலும்பில் வட்டு விலகியது. இனி மலையேற்றம் கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

தமிழ்ப் பாடசாலையில் பிள்ளைகளுக்கு மலையேற்றம் பற்றிப் பேசத் துவாரகனை அழைத்தார்கள். கேட்டுவிட்டு வந்த மகள் தேனுஜா, "அப்பா நல்லாக் கதைச்சவர். உங்களைக் குறைவா ஒண்டும் சொல்லேல்லை. அம்மாவும் முயற்சி செய்தவ எண்டுதான் சொன்னவர்," என்றாள்.

தக்சாயினி நடந்ததை முழுவதும் மகளிடம் சொன்னாள். தேனுஜா குறுக்கிடாமல் கேட்டாள்.

"இப்ப அதைக் கிளறி என்னம்மா? அப்பா பாவம்."

அதற்குப் பிறகு தக்சாயினி எந்த விழாவுக்கும் போவதில்லை. கேட்பவர்களுக்குத் துவாரகன் பதில் வைத்திருக்கிறார்: "முதுகு நோ. மலைக்குப் போனதாலை வந்தது."