தாராப் போர்வைக்குள் ஒரு பைப்

மேல்மாடியில் குழாய் பொருத்துகிறார்கள் போலும். பிளாஸ்டிக் பைப்புக்குப் பூசும் பசையின் மணம் குசினி ஜன்னலால் இறங்கி வருகிறது. மற்றவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள். எனக்கோ கொழும்பில், வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்த அனெக்ஸும், சண்டைக் காலமும், மகளின் முதல் பல்லும் ஞாபகம் வருகின்றன.

அந்த வீட்டில் இரும்புக் குழாய். திறந்தால் முதலில் இருமும். பிறகு பிளேன் டீ நிறத்தில் தண்ணீர் வரும். அதில் குளிப்பாட்டிய பிள்ளையின் முதுகு சிவந்து தடித்தது. தண்ணீராலா, சவர்க்காரத்தாலா, நான் தின்ற நண்டாலா? நண்டை விட்டேன். சவர்க்காரத்தை மாற்றினேன். மிஞ்சியது குழாய்.

வீட்டுக்கார ஐயாவுக்குப் பிளாஸ்டிக் என்றால் விளையாட்டுச் சாமான்.

"இரும்பெண்டா இரும்புதான் பிள்ளை. உது வெயிலுக்கு உருகி ஓடும்."

"குளியலறைக்குள்ள வெயில் எங்கால வரும் ஐயா?"

யோசித்தார். "சரி, நீரே வாங்கிக்கொண்டு வாரும். நான் தூக்க மாட்டன்."

தூக்க ஆள் தேவையில்லை என்பதுதான் அதன் அருமை. இரும்பென்றால் இரண்டு பேர் சுமக்க வேண்டும், மரை வெட்ட வேண்டும். இதை வாளால் அறுத்துப் பசை பூசினால் போதும், துருவும் பிடிக்காது. இடுப்பில் பிள்ளை, தோளில் என்னைவிட உயரமான பைப் என்று நான் ஒருத்தியே வரலாம்.

ஆனால் நான் சும்மா வருபவளா? நீளமாய், சாம்பல் நிறத்தில், குழலாய் ஒரு பொருள். வழியிலோ சோதனைச் சாவடி. பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பயந்து, வீட்டிலிருந்தே கொண்டு போன, மஞ்சள் தாராக் குஞ்சுகள் நீந்தும் படம் போட்ட குழந்தைப் போர்வையைக் கடை வாசலிலேயே சுற்றி, நாப்கின்களால் இறுக்கிக் கட்டினேன்.

"பைப்புக்குக் குளிருதா நோனா?" என்றார் கடை முதலாளி.

சாவடியில் எல்லாரையும் விட்டுவிட்டு என்னைத்தான் மறித்தார்கள்.

"மேக்க மொக்கத?" இது என்னவாம்.

அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் கையில் இருந்தன, சிங்களம்தான் ஓடிப்போயிருந்தது. "வத்துர... பேபி... வத்துர," என்றேன். தண்ணீர், பிள்ளை, தண்ணீர். என்னை ஜீப்பில் ஏற்றினால் பிள்ளையை யார் வாங்குவது?

சிப்பாய் முடிச்சுகளை அவிழ்த்து, பைப்புக்குள் ஒரு கண்ணை வைத்தான். மறுமுனையில் அவன் கூட்டாளி கண்ணை வைத்தான். பிறகு ஒரு முனையை என் மகளின் காதருகே பிடித்து, மற்றதில் வாயை வைத்து, "கூ!" என்றான். அவள் ஒற்றைப் பல்லைக் காட்டிச் சிரித்தாள். இன்னொரு கூ. வரிசை நீண்டது.

"பைப்பை அவைக்கே குடுத்திட்டு நடவும் பிள்ளை, விளையாடட்டும்," என்று பின்னால் நின்ற அம்மா ஒருவர் முணுமுணுத்தார்.

"ஒத்தன்ன எப்பா நங்கி." சுற்ற வேண்டாம் தங்கச்சி என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

அன்று பின்னேரமே குழாய் வேலை செய்யும் பைப் பாஸ் வந்து பொருத்தினார். கண்ணாடி போலத் தண்ணீர் கொட்டியது. இவ்வளவு தெளிவாக வரலாமா என்று பயந்து, கொதிக்க வைத்துத்தான் குளிப்பாட்டினேன். தடிப்பு மெல்ல மறைந்தது. பைப்பாலா, நண்டை விட்டதாலா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை.

அனெக்ஸை இடித்து மாடி எழுப்பிவிட்டார்கள். சாவடி இருந்த இடத்தில் பழக்கடை. போன கிழமை திரைச்சீலைக் கம்பியொன்றை, எதையும் சுற்றாமல், எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக்கொண்டு அவ்வழியால் வந்தேன். பழக்கடைக்கு முன்னால் கால் தானாகவே நின்றுவிட்டது.

பின்னால் வந்தவர், "நடவுங்கோ அன்ரி," என்றார்.